மஞ்சள் ஓகே

அக்கா செல்போனில் பேசி முடிக்கும்போது ஓகே என்று சொல்ல மாட்டார். "சரீங்க, வெச்சர்றனுங்க" என்பார். நாளைக்கு லீவு வேண்டும் என்று யாராவது கேட்டால் "எடுத்துக்குங்க" என்பார். டீ சூடு போதுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். கணபதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் அவரோடு வேலை பார்த்தேன். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அதை எழுதுவார். அதுதான் அவருக்கு வேலை.

இப்போது அவர் இல்லை. பெயரையும் சொல்லப்போவதில்லை. கம்பெனியில் யாருக்கும் அவர் பெயர் தேவைப்பட்டதில்லை. அக்கா என்றால் அவர்தான்.

போர்வெல்லுக்குள் இறக்குகிற நீர்மூழ்கி மோட்டார் செய்கிற கம்பெனி அது. செய்து முடித்த மோட்டாரை ஒரு சிமென்ட் தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அக்கா அதை ஓடவிட்டு ஆம்பியர் பார்ப்பார். நிறுத்திவிட்டு மெகர் வைப்பார். உள்ளே சுற்றியிருக்கிற காயிலிலிருந்து மின்சாரம் கசிகிறதா என்று காட்டுகிற சின்னப் பெட்டி அது. எல்லாம் சரியாக இருந்தால், கோட்டுப் பாக்கெட்டிலிருந்து மஞ்சள் பெயின்ட் மார்க்கரை எடுத்து மோட்டாரின் உடம்பில் ஓகே என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து எழுதுவார். நாமெல்லாம் வட்டத்தை மேலே தொடங்கி மேலே முடிப்போம். அவருடைய வட்டம் கீழே தொடங்கிக் கீழேயே வந்து மூடும். பக்கத்து எழுத்தின் கால் வெளியே கொஞ்சம் நீண்டிருக்கும். எழுதிவிட்டு அதன் மேல் படாமல் உள்ளங்கையைக் குடைபிடித்தபடி நிற்பார். "காயிற வரைக்கும் ஆரும் கை வெக்காதீங்க" என்பார்.

தொண்டாமுத்தூரிலிருந்து காரமடை வரைக்கும் மோட்டார் இறக்குகிற லாரிக்காரர்களுக்கு அந்த எழுத்து தெரியும். கம்பெனி ஒட்டுகிற பளபளப்பான ஸ்டிக்கரை அவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. மோட்டாரை உருட்டி மஞ்சள் எங்கே என்று தேடுவார்கள். இருந்தால் கயிற்றை மாட்டுவார்கள். எழுநூறு அடி, எண்ணூறு அடி என்று குழாய்க்கு மேல் குழாய் சேர்த்து இறக்கிய பிறகு ஒரு கோளாறு என்றால் அத்தனையையும் மறுபடி மேலே இழுக்க வேண்டும். தோட்டத்துக்காரர் அன்று சாப்பிட மாட்டார்.

ஏன் அந்த வார்த்தையைப் பேசுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். பின்னால் பெரிய கதை ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. "அது எழுதற வார்த்தைங் தம்பி. பேசறதுக்குத்தான் நம்மகிட்ட சரின்னு ஒண்ணு இருக்குதல்லங்க" என்றார். அவ்வளவுதான்.

நான் அதற்கு நேர் எதிர். லோடு அனுப்புகிற பகுதிக்கு நான் பொறுப்பு. அந்த வேலைக்கு மோட்டாரை விட ஓகே அதிகம் தேவை. வண்டி கிளம்பிவிட்டதா என்று டீலர் கேட்டால் "ஓகே ஓகே ஓகே" என்று மூன்று முறை சொல்வேன். வண்டி கிளம்பியது என்றும் அர்த்தம் இல்லை, கிளம்பவில்லை என்றும் இல்லை, போனை வையுங்கள் என்றுதான் அர்த்தம். யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊரில் அந்த வார்த்தை படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டியபடி ஓகே என்றால் நமக்கு இன்னொரு டாக்டரைப் பார்க்கத் தோன்றுகிறது. கோபத்தில் இருக்கிறவர் ஓகே என்றால் சண்டை இன்னும் முடியவில்லை. என் மகள் இப்போது அதையும் பாதியாக நறுக்கி வாட்ஸ்அப்பில் ஒற்றை எழுத்தாக அனுப்புகிறாள். கேட்டது காதில் விழுந்தது, செய்வேனா என்பது வேறு விஷயம் என்று நானே புரிந்துகொள்ள வேண்டும். என்னிடமிருந்து வந்த பழக்கம்தான். கல்யாணமான புதிதிலேயே என் மனைவி சொல்லிவிட்டாள், "உங்க ஓகேவ நம்பி ஒரு சொம்புத் தண்ணிகூட மோந்து வெக்க முடியாதுங்க."

அக்காவோடு மதியம் சாப்பிட உட்கார்வதே ஒரு பரீட்சை. அரிசிம்பருப்புச் சாதத்தை ஆளுக்கொரு கரண்டி மாற்றிக்கொள்வோம். "எப்படிங்க்கா இருக்குது?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. இன்னொரு வாய் எடுத்து, மென்று, சுவரைப் பார்த்து யோசித்து, "உப்பு அரைக்கல்லு கம்மிங்க. பருப்பு நல்லா இருக்குதுங்க" என்பார். தர ஆய்வுக்கு வெளியாட்கள் வரும் நாளில் முதலாளி அவருக்கு மட்டும் சம்பளத்தோடு லீவு கொடுத்துவிடுவார். ஒரு தடவை அப்படி வந்தவர் மரியாதைக்கு "எல்லாம் ஓகேவாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா அவரைக் கையோடு கூட்டிப்போய்த் தொட்டியின் விரிசலையும், ஃபியூஸுக்குப் பதில் வளைத்து மாட்டியிருந்த கம்பியையும் காட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்த லீவு ஏற்பாடு.

அக்காவின் மகளைப் பெண் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்தார்கள். அது ரொம்பப் பின்னால் நடந்தது. தேங்காய் பழத் தட்டைக் கீழே வைக்கும் முன்னாலேயே மாப்பிள்ளையின் அப்பா "எங்களுக்கு ஓகேங்க" என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். "நாலு நாள் கழிச்சுச் சொல்றமுங்க" என்றார். மறுநாள் பஸ் ஏறி ஈரோடு போய், மாப்பிள்ளை வேலை செய்கிற ஜவுளிக் கடைக்கு எதிரே பேக்கரியில் பாதிநாள் உட்கார்ந்திருக்கிறார். சேலையை நூறு தடவை பிரிக்கச் சொல்கிறவர்களிடம் அந்தப் பையன் எப்படிப் பேசுகிறான் என்று பார்க்க. திரும்பி வந்து மகளிடம், "பொறுமையா மடிச்சு வெக்கறானுங் கண்ணு. மத்தத நீ பேசிப் பாத்துக்க" என்றாராம். கல்யாணச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது.

இத்தனையும் சொல்வது, நான் செய்ததைச் சொல்வதைத் தள்ளிப்போடத்தான். அது எனக்கே தெரிகிறது.

நான் சேர்ந்து மூன்றாவது வருடம். சித்திரை வெயில், எங்கும் தண்ணீர் கீழே போய்விட்டது, மோட்டாருக்கு அடிதடி. தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு தோட்டத்துக்காரரின் மோட்டார் எரிந்து, வாழை காய்ந்துகொண்டிருந்தது. அன்று சாயங்கால லோடில் அவருடைய புது மோட்டார் போயே ஆக வேண்டும். நான்கு மணிக்கு லாரி வாசலில் நிற்கிறது. மோட்டார் தொட்டிக்குள் கிடக்கிறது. மகளுக்குப் பல் பிடுங்க அக்கா அரைநாள் லீவில் போயிருந்தார். மோட்டாரின் கேபிளில் ஒரு அட்டைத் துண்டைக் கட்டியிருந்தார். "ஊறுது. நாளைக்குப் பாக்கணும்" என்று எழுதியிருந்தது. மெகர் கொஞ்சம் குறைவாகக் காட்டியிருக்கிறது. ஒரு ராத்திரி ஊறியபின் மறுபடி பார்க்க நினைத்திருக்கிறார்.

சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். ஓடியது. ஆம்பியரும் சரி. போதாதா என்று தோன்றியது. வாழையை நினைத்துத்தான் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் லாரிக்காரரின் ஹாரன்தான் காரணம். அட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டேன். பெட்டிகளில் ஊர்ப்பெயர் எழுத எங்கள் மேசையிலும் ஒரு மஞ்சள் மார்க்கர் உண்டு. மோட்டாரைத் துடைத்து, வட்டத்தைக் கீழே தொடங்கிக் கீழே மூடினேன். காலை நீட்டினேன். ஆயிரம் தடவை பார்த்த எழுத்து, கை தானாகப் போனது. நன்றாகவே வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. மறுநாள் தொட்டியைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டபோது, வண்டியில் போய்விட்டது, ஓகே ஓகே என்று நழுவிவிட்டேன்.

மோட்டார் ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் தோட்டத்துக்காரர் அதை மேலே இழுத்து, அதே லாரியில் ஏற்றிக்கொண்டு அவரே வந்துவிட்டார். அறுபது வயது இருக்கும். சத்தம் போடவில்லை. மோட்டாரை ஷெட்டில் இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார். காயில் கருகிய நாற்றம் அடித்தது. மஞ்சள் எழுத்து மட்டும் புதிது போல இருந்தது.

"இந்த எழுத்து இருந்தாப் போதும், கண்ண மூடிட்டு எறக்கலாமுன்னு லாரிக்காரர் சொன்னாருங்க. அதான் எறக்குனேன்" என்றார்.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். ஷெட்டே கூடி நின்றது. என் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பம். வேலை போனால் என்ன செய்வது என்பது ஒன்றுதான் என் தலைக்குள் ஓடியது.

"ஏனுங் அம்மணி, இது நீங்க எழுதுனதுதானுங்களே?"

அக்கா குனிந்து, எழுத்தின் மேல் விரல் வைத்து ஒரு சுற்று ஓட்டினார். "எழுத்து என்னோடதாட்டந்தான் இருக்குதுங்க. ஆனா நான் எழுதலீங்க."

"அப்பறம் ஆரு எழுதுனதுங்க?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. அட்டைத் துண்டு காணாமல் போனது அவருக்குத் தெரியும். அன்று லோடு ஏற்றியது யார் என்பதும் தெரியும்.

"நான் பாக்கலீங்க. பாக்காதத எப்படிங்க சொல்றது" என்றார்.

நான் லோடு சீட்டைப் புரட்டிக்கொண்டு நின்றேன். அவர் மழுப்புகிறார் என்றே முதலாளி நினைத்தார். அப்படித்தான் தெரியும் யாருக்கும். கையை நீட்டினார். அக்கா கோட்டுப் பாக்கெட்டிலிருந்து மார்க்கரை எடுத்து, மூடி இறுகியிருக்கிறதா என்று திருகிப் பார்த்து, அதைக் கொடுத்தார். மறுநாளிலிருந்து அவர் பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினார். தொட்டிக்கு வேறொருவரைப் போட்டார்கள். காரமடையிலிருந்து ஒரு லாரிக்காரர் போன் செய்து, "என்னுங்க, எழுத்து மாறிப்போச்சு. அந்தக்கா நின்னுபோட்டாங்களா?" என்று கேட்டார். ஓகே ஓகே என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பேக்கிங்கில் என் மேசைக்கு எதிரேதான் அவர் உட்கார்ந்தார். ஒட்டிய டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் இரண்டு தடவை தேய்ப்பார். என்னிடம் முன்னைப் போலவே பேசினார், சாப்பாட்டை மாற்றிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த இரண்டு வாரத்துக்குள் என் மனைவிக்கு வளைகாப்பு வந்தது. அக்கா வரமாட்டார் என்று நம்பினேன், உள்ளுக்குள் வேண்டிக்கொண்டும் இருந்தேன். எலுமிச்சைச் சாதம் ஒரு தூக்குப்போசி நிறைய எடுத்துக்கொண்டு வந்தார். மற்ற பெண்கள் சிரித்துக்கொண்டே வளையலை ஏற்ற, இவர் மட்டும் என் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இறுக்குதுங்களா கண்ணு? எல்லாரும் இருக்காங்கன்னு சும்மா சொல்லப்படாது" என்றார். அவள் ஆமாம் என்றாள். அவள் என்னிடம்கூட ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். அக்கா சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, மூன்று வளையலைக் கழற்றிப் பெரிதாகப் போட்டுவிட்டார். கழற்றிய மூன்றையும் நான்தான் கையில் வாங்கிக்கொண்டேன்.

அவர் கிளம்பியபோது தெருமுனை வரை கூடவே நடந்துபோய்ச் சொல்லிவிட்டேன். "அக்கா, அது நான் எழுதுனதுங்க."

அவர் நின்றார். தூக்குப்போசியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார்.

"உங்களுக்குத் தெரியுமுன்னு எனக்குத் தெரியுமுங்க்கா."

"தெரியாதுங் தம்பி. சந்தேகந்தான் இருந்துச்சு. சந்தேகத்த வெச்சு ஒரு மோட்டாரையே நான் தள்ளி வெக்கறதில்லீங்க. ஊறப்போட்டுப் பாப்பேன். மனுசன எப்படித் தள்ளறதுங்க?" பிறகு, "தோட்டத்துக்காரர்கிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை ஷெட்டில் எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் சொன்னேன். வேலை போய்விடும் என்று சாப்பாட்டுப் பையைக்கூடத் திறக்காமல் வைத்திருந்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஓகே, உடுங்க. இனிப் பாத்து செய்யுங்க. ஈரோட்டு லோடு போயிருச்சுங்களா?" என்றார். அவ்வளவுதான். இரண்டு வாரமாக என்னைத் தின்றுகொண்டிருந்ததற்கு, நான் தினமும் ஊருக்கெல்லாம் கொடுக்கிற அதே ஓகே திரும்பி வந்தது. அதற்கு எடையே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தொண்டாமுத்தூர் போனேன். கம்பெனி கொடுத்த மாற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ரோட்டோரம் இரண்டு வரிசை வாழை காய்ந்து மடங்கியிருந்தது. தோட்டத்துக்காரர் பாத்தியில் நின்றபடி முழுக்கக் கேட்டார். "அந்த அம்மணி மேல நான் சாபம் உட்டுப்போட்டனுங்களே" என்றார். இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

அக்காவுக்கு மார்க்கர் திரும்பக் கிடைத்தது. தொட்டிக்குப் போனதும் முதல் வேலையாக, அந்த இரண்டு வாரத்தில் தேறி நின்ற மோட்டார் எல்லாவற்றையும் மறுபடி ஊறப்போட்டார். அன்று ஒரு லோடும் போகவில்லை. சாயங்காலம் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, நமக்குள்ள இப்ப ஓகேதானுங்களே?"

அவர் மெகர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊறட்டுமுங் தம்பி" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. தொட்டியில் கிடக்கிற எதைப்பற்றிக் கேட்டாலும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். என் மகள் பிறந்ததற்கு வந்தார், அவர் மகள் கல்யாணத்தில் நான் பந்தி பரிமாறினேன். அந்தக் கேள்வியை மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவராகவும் சொல்லவில்லை. பிறகு நான் வேறு கம்பெனிக்குப் போனேன். அவர் வேலையை விட்டு மகளோடு ஈரோட்டுக்குப் போய்விட்டார்.

போன தை மாதம் அவருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுப் போனேன். கட்டிலில் பாதியாகக் கிடந்தார். அறை நிறைய உறவுக்காரர்கள், ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ் பாட்டில். "ரிப்போர்ட் எல்லாம் ஓகேதானாமா", "பத்து நாள்ல ஓகே ஆயிருமுங்க", "தெம்பா இருங்க, எல்லாம் ஓகே" என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேறு என்னதான் சொல்வது? அக்கா ஒவ்வொருவருக்கும் "சரீங்க" என்றார். உள்ளே வருவதற்கு முன்னால் அவர் மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். டாக்டர் இரண்டு மருந்து மாற்றிவிட்டார். மூன்றாவது கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மற்றவர்கள் காபிக்கு எழுந்ததும் அக்கா என்னைப் பக்கத்து நாற்காலிக்குக் கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, நான் பொழச்சுக்குவனாங்க?"

வாயில் ஓகே தயாராக நின்றது. நாற்பத்தைந்து வருடப் பழக்கம், அது எப்போதும் முன்னால்தான் நிற்கும். அதை விழுங்கினேன்.

"தெரியலீங்க்கா" என்றேன். "மூணாவது மருந்து கேட்டாத்தான் சொல்ல முடியுமாமுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

கதவருகே நின்ற அவர் மகள் என்னைப் பார்த்த பார்வையில் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அக்கா என் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். அவர் விரல் காய்ச்சலில் சுட்டது. என் புறங்கையில் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக இழுத்தார். வட்டம் கீழே தொடங்கிக் கீழேயே வந்து மூடியது. பிறகு ஒரு நேர்கோடு, இரண்டு சாய்வு, கடைசிச் சாய்வு மணிக்கட்டு வரை நீண்டது.

நான் அழுதுகொண்டிருந்தேன். கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கப் போனேன். அவர் விடவில்லை. தன் உள்ளங்கையை அதன் மேல் படாமல் குடைபிடித்துக்கொண்டு, காய்கிற வரைக்கும் அப்படியே வைத்திருந்தார்.